பழி யாருக்கு? தற்கொலையின் சமுதாய வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

பருத்தித்துறைப் பகுதியில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டால், அச்சாவைக் குறித்துச் சட்டத்தின் முதற் கேள்வியைக் கேட்பவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. அவர் நீதிபதி அல்லர். அயலூர்களில் மதிப்புப் பெற்ற ஒருவர். உடல் மந்திகை வைத்தியசாலையிற் கிடக்க, அவர் தாயையும் தமையனையும் அயலவரையும் விசாரித்துச் சில வரிகள் எழுதி நீதவானுக்கு அனுப்புகிறார். கொலையா, விபத்தா, இயற்கைச் சாவா, தற்கொலையா என்பதே அங்குத் தீர்க்கப்பட வேண்டியது. காரணம் என்ற இடத்திற் 'காதல் தோல்வி', 'பரீட்சைத் தோல்வி', 'குடும்பத் தகராறு', 'மனநோய்' என்று ஒரு சொல் விழுகிறது. மறுநாட் பத்திரிகைக்கு அச்சொல் போதும். ஊருக்கு அது போதுவதில்லை. "ஆர் காரணம்?" என்ற கேள்வி செத்தவீட்டுப் பந்தலிலேயே பிறந்துவிடுகிறது. முன்னர் அக்கேள்வி வேலி கடந்து, ஒழுங்கை கடந்து, சந்தையடி வரை சென்று ஓயும். இப்பொழுதோ அது கைத்தொலைபேசியில் ஏறிக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய், முகமறியாத ஆயிரம் பேரின் தீர்ப்போடு திரும்பி வருகிறது. எட்டுச் செலவு கழியுமுன்னரே குற்றவாளி யார் என்று முடிவாகிவிடுகிறது.

ஒரு சாவுக்கு உயிரோடிருப்பவர்களுள் யார் பொறுப்பு என்ற கேள்வி பழையது. ஒவ்வொரு காலமும் தன் சொத்துடைமைக்கும் ஆட்சிமுறைக்கும் ஏற்ற விடையை அதற்குக் கண்டுபிடித்திருக்கிறது. அவ்விடைகளை வரிசையில் வைத்து நோக்குமிடத்துத்தான், இன்றைய விடை எவ்வளவு அவசரமானது என்பது புலனாகும்.

தமிழிற் 'பழி' என்ற சொல்லே இக்கேள்வியைச் சுமந்து நிற்கின்றது. குற்றம், நிந்தை, வஞ்சம், கொலைப்பாவம் ஆகிய அத்தனையையும் அவ்வொரு சொல் தாங்குகிறது. 'பழிகிடத்தல்' என்றொரு வழக்கும் உண்டு. ஒருவன் தனக்கு வரவேண்டியதைப் பெறாவிடிற் சாவேன் என்று மற்றவன் வாசலிற் கிடப்பது அது. இது வெறுஞ் சொல்வழக்கன்று. 1660ஆம் ஆண்டு மூதூர்க் கரையிற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு மலைநாட்டில் வாழ்ந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதனையொத்த வழக்கம் ஒன்றை எழுதி வைத்துள்ளார். கடன் கொடுத்தவன் நச்சிலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடனாளி வீட்டுக்குப் போவான். பணம் தராவிடில் இங்கேயே தின்று சாவேன் என்பான். கடன்பட்டவன் நடுங்கித் தன் பிள்ளையை விற்றேனும் கடனைத் தீர்ப்பதுண்டாம். நடுக்கத்துக்குக் காரணம் இரக்கமன்று என்று நொக்ஸ் தெளிவாகச் சொல்கிறார். வந்தவன் செத்தால், யார் பொருட்டுச் செத்தானோ அவன் தன் உயிருக்கு ஈடாகத் தண்டம் கட்டவேண்டும். பகை தீர்ப்பதற்கென்றே சிலர் இவ்வாறு இறந்ததும் உண்டு என்கிறார்.

நிலப்பிரபுத்துவ சமுதாயத்தின் நேர்மையும் கொடுமையும் இவ்வழக்கத்தில் ஒன்றாகவே கிடக்கின்றன. எந்தச் சாவும் தனிமையில் நிகழ்வதில்லை, அதில் மற்றொருவருக்குப் பங்குண்டு என்பதை அச்சமுதாயம் ஒப்புக்கொண்டது. ஆனால் அப்பங்கை ஒரே ஒருவன் தலையில் ஏற்றியது. அவனோ பெரும்பாலும் கடன்பட்டவன், ஏழை. பொறுப்பு என்பது வலியவன் கை ஆயுதமாயிற்று.

பிரித்தானியர் கொண்டுவந்த சட்டம் இதனை நேர்மாறாகத் திருப்பியது. இங்கிலாந்தில் தற்கொலை அரசனுக்கு எதிரான குற்றம். இறந்தவனின் உடைமைகள் முடிக்குச் சேரும். பொருளுரிமையே முதலாகக் கொண்ட நாட்டில், செத்தவனைத் தண்டிக்க வேறு வழியில்லை அல்லவா? பதினெட்டாம் நூற்றாண்டளவில் அந்நாட்டு யூரர்கள் இதற்கு ஒரு மாற்றுக் கண்டனர். இறந்தவர் அவ்வேளையிற் சித்தசுவாதீனம் இழந்திருந்தார் என்று தீர்ப்பளித்துவிட்டால், விதவைக்கும் பிள்ளைகளுக்கும் சொத்து மிஞ்சும். இரக்கத்தாற் சொல்லப்பட்ட பொய் அது. எனினும் அதன் விளைவு நீண்டது. பைத்தியம் என்ற சொல் இறந்தவரை விடுவித்தது. அதே சொல் கணவனையும் முதலாளியையும் கடன்காரனையும் சேர்த்தே விடுவித்தது. நோய்தான் கொன்றது என்றால், பிறகு யாரை என்ன கேட்பது?

இலங்கைக்கு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அதன் 302ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கியது. 299ஆம் பிரிவு, தற்கொலைக்கு உடந்தையாயிருந்தவருக்கு மரணதண்டனை விதித்தது. இங்கிலாந்து தன் சட்டத்தை 1961இல் மாற்றிக்கொண்டது. இலங்கையோ முயற்சிக் குற்றத்தை 1998இல்தான் நீக்கியது. எசமானன் கைவிட்ட சவுக்கை அடிமை முப்பத்தேழு ஆண்டு பத்திரமாக வைத்திருந்தான் என்றே சொல்ல வேண்டும். அந்த 115 ஆண்டுகளில், உயிர் பிழைத்து வைத்தியசாலைக் கட்டிலிற் கண்விழித்த எத்தனை பெண்கள் முதலிற் கண்டது பொலிஸ்காரர் முகத்தை! வழக்குக்கு அஞ்சி வைத்தியசாலைக்கே கொண்டுபோகாமல் வீட்டில் வைத்திருந்த குடும்பங்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

தற்கொலையைப் பற்றி இளம் மார்க்ஸ் எழுதியது நம்முட் பலருக்குத் தெரியாது. 1846இல் அவர், பாரிஸ் பொலிஸ் ஆவணக்காப்பாளராயிருந்த ஜாக் பெஷே என்பவரின் நினைவுக்குறிப்புகளிலிருந்து சில பகுதிகளை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தம் கருத்துகளையும் இடையிட்டு வெளியிட்டார். பெஷே புரட்சியாளர் அல்லர். ஆவணங்களோடு வாழ்ந்த அலுவலர். அவர் கூறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, ஒரு தையற்காரரின் மகளைப் பற்றியது. திருமணம் நிச்சயமான பெண். ஓரிரவு மணமகன் வீட்டில் தங்கிவிட்டாள். காலையில் திரும்பியபோது பெற்றோர் வாசலிலேயே அவளை ஏசினர். கூச்சல் கேட்டு அயலவர் கூடினர். கூடியவர்கள் தாமும் ஏசினர். அன்றே அவள் இறந்தாள். பின்னர் அப்பெற்றோர் மகள் அணிந்திருந்த நகைகளைக் கேட்டுப் பொலிசுக்கு வந்தார்கள்.

இந்நிகழ்ச்சியை ஏன் மார்க்ஸ் தேர்ந்தார்? இங்கே தொழிற்சாலை இல்லை, கூலிக் குறைப்பு இல்லை, பட்டினி இல்லை. இருப்பது தந்தையின் அதிகாரமும் கூடிநின்ற அயலும் மாத்திரமே. வெளியே அடங்கி நடப்பவர்கள் வீட்டுக்குள் தம்மிலும் எளியவர் மீது கொடுங்கோலராகின்றனர் என்பதை அவர் அதிற் கண்டார். குடும்பமும் சொத்துறவின் ஒரு வடிவம் என்பதை உணர்ந்தவருக்கு இது வியப்பன்று. அந்தக் காலைப்பொழுதில் வாசலில் நின்றவர்களுள் யார் கொலையாளி? ஒவ்வொருவரும் ஒரு சொல்தான் சொன்னார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6.5 தற்கொலைகள் நிகழ்ந்தன. 1995இல் அது 47 ஆயிற்று. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு தேசத்தின் மனம் ஏழு மடங்கு உடைந்துபோகுமா? காதலும் பரீட்சையும் மாமியாரும் 1950இலும் இருந்தன. புதிதாக வந்தவை சில. பசுமைப் புரட்சியின் பெயராற் கொடிய பீடைநாசினிகள் ஒவ்வொரு குடிசைக்குள்ளும் வந்து சேர்ந்தன. படித்த இளைஞருக்கு வேலை இல்லாமற் போயிற்று. விளைச்சலுக்கு விலை இல்லாதபோதும் மருந்துக்கடைக் கடன் வளர்ந்தது. இங்கு இறந்தவர்களுட் பலர் நெடுநாள் மனநோயாளர் அல்லர் என்பதை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கண்டனர். ஒரு சண்டை, ஓர் அவமானம், சில மணிநேர ஆவேசம். அவ்வேளையிற் கைக்கெட்டியது எதுவோ, அதுவே பிழைப்பதையும் சாவதையும் தீர்மானித்தது.

1980ஆம் ஆண்டுப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1984இலும் 1995இலும் 1998இலும், பின்னர் 2008ஐத் தொடர்ந்த ஆண்டுகளிலும், மிகக் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் 15 அளவுக்கு இறங்கிவிட்டது. இருபது ஆண்டுகளில் இத்தடைகளாற் பிழைத்த உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்பது ஆய்வாளர் கணிப்பு. விளைச்சலும் அதனாற் குன்றவில்லை. ஆனால் நஞ்சுண்டு வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை அவ்வாறு குறையவில்லை. துயரம் அப்படியே இருந்தது. அதன் விலை உயிராக இல்லாமற் போயிற்று. இதில் யாருடைய பாவமும் விசாரிக்கப்படவில்லை, எந்தத் தாயும் கூண்டில் நிறுத்தப்படவில்லை. ஓர் அலுவலகத்தில் சில பதிவுகள் நீக்கப்பட்டன, அவ்வளவே. பதினொரு ஆண்டுகள் முந்தி, 1984இலேயே எல்லாவற்றையும் நீக்கியிருந்தால் என்ற கணக்கை யாரும் எந்தக் கம்பெனியிடமும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. இங்கு வேலியோரத்தில் வளரும் ஒரு செடியின் விதையை 1980க்கு முன் உயிர் மாய்க்கவென உண்டவர் அரிதினும் அரிது. அவ்வாண்டளவில் இரு மாணவிகள் இறந்தனர். பத்திரிகைகள் அதனை விரித்து எழுதின. அடுத்து வந்த ஆண்டுகளில் அவ்விதையை உண்டு வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை ஏறிக்கொண்டே சென்றது. 1988இல் யாழ்ப்பாண மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு 170 பேரைப் பற்றியது. பின்னர் அவ்வழக்கம் வடக்கைக் கடந்து தெற்கின் கிராமங்கள் வரை பரவிற்று. செடியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதியதனால் நேர்ந்ததே மேற்சொன்ன வரலாறு. அச்செய்திகளை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர், இரங்கித்தான் எழுதியிருப்பார்கள். பெயரையும் முறையையும் படத்தையும் கொடுத்தால் விற்பனை கூடும் என்ற தொழிலின் விதி அவ்விரக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது. வியன்னா நகரிற் பத்திரிகையாளர்கள் 1987இல் இத்தகைய விவரங்களை எழுதுவதில்லை என்று இணங்கினர். அடுத்த அரையாண்டில் அந்நகரத்துச் சுரங்க ரயிற் பாதையில் நிகழ்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் முக்காற் பங்குக்கு மேற் குறைந்தன. சொல்லுக்கு விளைவு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

போர் வந்தபோது இன்னொரு விந்தை நிகழ்ந்தது. குண்டும் இடப்பெயர்வும் பட்டினியும் சூழ்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் சக ஆய்வாளர் ஒருவருடன் 1995இல் இதனை ஆராய்ந்து எழுதினார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டுர்க்கைம் 1897இலேயே ஐரோப்பியப் போர்களைப் பற்றி இதே முடிவைக் கூறியிருந்தார். பொது ஆபத்து மனிதரை ஒருவரோடொருவர் இறுகப் பிணைக்கிறது. தனித்துச் சாக நினைப்பவன் அப்பிணைப்பிற் சிக்குண்டு பிழைக்கிறான். இதைக்கொண்டு போரைப் போற்றும் மூடர்கள் சிலரை நான் கண்டதுண்டு. அவர்களுக்கு விடை சொல்லிக் காலம் போக்கவேண்டியதில்லை. நாம் கேட்கவேண்டியது வேறு. பதுங்கு குழியில் அயலவன் தோளோடு தோள் உரச இருந்தவன், சமாதானத்தில் யாருமற்றவனாய் ஏன் ஆனான்? 1956இற் பொதுவுடைமைக் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய பருத்தித்துறைத் தொகுதியில், கூட்டு வாழ்வு என்பது ஒரு காலத்திற் கட்சிப் பேச்சு மட்டுமாக இருந்ததில்லை. சங்கமும் வாசிகசாலையும் கூட்டுறவுக் கடையும் இருந்தன.

அவ்விடத்தை இன்று நிரப்ப வந்திருப்பது திரை. 2009க்குப் பின் வளர்ந்த தலைமுறை தன் அயலை அதிலேதான் கண்டது. இதனை வெறுமனே சபிப்பது வயதானவர்களின் வழக்கம்; நான் அதிற் சேரேன். வீட்டில் ஒரு சொல் பேச முடியாத பெண், தன் துயரையொத்த துயருடைய இன்னொருத்தியை அங்கே கண்டிருக்கிறாள். இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் 'விடியும்வரை பேசிக்கொண்டிரு' என்று எழுதியதால் உயிரோடிருப்பவர்கள் உண்டு. ஆயின் அதே திரையில், துயருற்றவர்கள் ஒருவரையொருவர் மேலும் இருளுக்குள் இழுத்துச் செல்லும் குழுக்களும் இருக்கின்றன. பெஷே கண்ட அந்த வாசல், அங்கே கதவில்லா வாசலாய் எந்நேரமும் திறந்து கிடக்கிறது. ஒரு பெண்ணின் படம் கசிகிறது. ஆயிரம் பேர் ஒவ்வொரு சொல் எழுதுகின்றனர். அவள் இறந்தால், அதே ஆயிரம் பேர் திரும்பி அவள் காதலனையோ தாயையோ ஆசிரியரையோ கொலையாளி என்கின்றனர்.

பழையனூர் நீலி கதையில், வணிகனின் உயிருக்குத் தாம் பொறுப்பு என்று வாக்களித்துத் தீர்ப்புச் சொன்ன எழுபது வேளாளர், அவன் இறந்ததும் தம் உயிரையும் கொடுத்தார்கள் என்பர். சாதிப் பெருமைக்காகப் பேணப்பட்ட கொடூரமான கதை அது. நான் அதைப் போற்றவில்லை. எனினும் தீர்ப்புச் சொல்பவனுக்கும் அதன் விளைவில் பங்குண்டு என்ற எண்ணமாவது அக்கதையில் இருந்தது. திரையின் சபைக்கு அது கிடையாது.

2022இல் இலண்டனில் ஒரு மரண விசாரணை நடந்தது. 2017இற் பதினான்கு வயதில் இறந்த ஒரு சிறுமியைப் பற்றியது அது. அவள் மனச்சோர்வு நோயுற்றிருந்தாள் என்பதை விசாரணை அதிகாரி மறுக்கவில்லை. ஆனால் இறப்பதற்கு முந்திய மாதங்களில், தன்னைத் தானே வதைத்தல் பற்றிய படங்களும் எழுத்துகளும் அவள் கேளாமலே அவள் முன் கொட்டப்பட்டிருந்தன. அவள் நாட்டத்தை அறிந்து அவற்றைத் தெரிந்தெடுத்துத் தந்தது இயந்திரக் கணிப்பு. பார்வை நீடித்தால் விளம்பர வருவாய் நீடிக்கும் என்பதே அக்கணிப்பின் ஒரே அறம். அவள் மரணத்தில் அவற்றுக்குச் சிறிதென்று தள்ளமுடியாத பங்கு உண்டு என்று அவர் முடிவெழுதினார். நோய் ஒருபுறம், நோயைத் தீனியாக்கிய வணிகம் மறுபுறம் என்று இரண்டையும் ஒரே தீர்ப்பில் வைத்தமையே அதன் சிறப்பு. மனநோய் மெய்யானது, அதற்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். ஆனால் நோயாளி இருப்பதும் ஒரு வீட்டில், ஓர் ஊரில், ஒரு சந்தையில். பதினெட்டாம் நூற்றாண்டு யூரர்கள் செய்ததுபோல் நோயின் பெயரை எழுதி மற்றெல்லாக் கதவுகளையும் அடைத்துவிட முடியாது.

நம் ஆட்சியாளரும் ஒரு சட்டம் செய்தார்கள். 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பெண்களையும் சிறுவரையும் பாதுகாப்பதற்கே என்று சொல்லப்பட்டது. அதன் கண் முதலில் விழுந்தது 'பொய்யான கூற்று' எழுதும் குடிமகன் மீது; அது பொய்யா மெய்யா என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு. இதழாளரும் தொழிற்சங்கத்தாரும் அதனை எதிர்த்ததில் வியப்பில்லை. அரசை ஏசுபவனைப் பிடிக்க ஒரு கை எப்போதும் தயார். துயரில் இருக்கும் பிள்ளைக்கு இரவெல்லாம் நஞ்சூட்டும் கணிப்பொறியின் உள்ளே எட்டிப்பார்க்கும் கை எங்கே?

இதற்கிடையிற் சிறு அளவில் மெய்யான வேலை செய்தவர்களும் உள்ளனர். 1974இற் கொழும்பில் ஜோன் டி மெல் தொடங்கிய 'சுமித்ரயோ', தீர்ப்புச் சொல்லாமற் கேட்பதையே தொழிலாகக் கொண்டது. யாழ்ப்பாணத்திற் 'சாந்திகம்' போர்க்காலத்தில் உளவளத்துணை செய்தது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைப்பதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் வேண்டியதில்லை.

கடனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போர் முடிந்தபின் வடக்குக்கு வந்த முதல் விருந்தினருள் நுண்கடன் நிறுவனங்களும் இருந்தன. கணவரை இழந்த பெண்கள், காணாமற் போனவரைத் தேடும் பெண்கள், கூரையில்லா வீட்டுப் பெண்கள் ஆகியோரைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தனர். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஆகவே கடன் வசூலிப்பவரின் ஏச்சோடு அயலாளின் ஏச்சும் சேர்ந்து வாசலுக்கு வந்தது. தவணை கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட வேறொன்று. உயிர் மாய்த்த பெண்களின் செய்திகள் வந்தபடியிருந்தன. அவற்றிலும் 'குடும்பத் தகராறு' என்ற சொல்லே பெரும்பாலும் இருந்தது. 2018இல் அரசாங்கம், வரட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பட்ட 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாகவும், வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைப்பதாகவும் அறிவித்தது. முப்பத்தைந்து வீதம் என்பது சலுகையாம்!

நொக்ஸ் கண்ட இலங்கையிற் கடன் கொடுத்தவன் சாவதாக மிரட்டினான்; செத்தால் அச்சாவுக்குக் கடன்பட்டவன் தண்டம் கட்டினான். மூன்றரை நூற்றாண்டு கழித்துக் கடன்பட்டவள் செத்தாள். கடன் கொடுத்தவன் தண்டம் கட்டவில்லை, மிச்சத் தவணையைக் குழுவிடம் கேட்டான். 2021 மார்ச் 8ஆம் நாள், பொலநறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடவில், நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் தெருவோரத்தில் பந்தலிட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கினர். ஐம்பது நாள்களுக்கு மேல் அங்கே இருந்தார்கள். இறந்த பெண்கள் மனநோயாளர் என்றோ, கணவர்கள் கொடியவர் என்றோ அவர்கள் சொல்லவில்லை. கடனை இரத்துச் செய்யுங்கள் என்றார்கள்.